அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி (சுருக்கம்)

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 43. அவருடைய அப்பாவுக்கு 51 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் நடந்தும் 2 ஆண்டுகளில் காலமாகிவிட்டார். “அந்த வயதை நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் குறைகிறது” என்கிறார். ஓராண்டாகச் சர்க்கரையை அறவே விட்டுவிட்டார். பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மாத்திரைகளைத் தாமும் சாப்பிட்டு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கணவருக்கும் கொடுத்து வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘முழுமையான புற்றுநோய்ப் பரிசோதனை’ என்ற பெயரில் இரத்தம் கொடுக்கிறார். மூன்று முறையும் எல்லாம் இயல்பு என்றே வந்ததால், ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி தேவையில்லை என்று நினைக்கிறார். அந்தப் பரிசோதனையின் மேல் தமக்குள்ள கூச்சத்தையும் அவர் மறைக்கவில்லை.

கணவருக்கு 45 வயது. 21 வயதிலிருந்து நாளொன்றுக்கு 10 சிகரெட் பிடிக்கிறார். ‘இத்தனை வருடம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன ஆகப்போகிறது’ என்பது அவருடைய வாதம். ஆண்டுக்கொரு மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் போதுமா என்று வாசகி கேட்கிறார். இதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு இருவரும் வார இறுதியில் ஒயின் அருந்துகிறார்கள். 12 வயது மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். ‘இந்த வயதில் எதற்கு?’ என்று தயங்குகிறார். 39 வயதுத் தம்பியோ ‘வருவது வந்தே தீரும்’ என்று பேச்சை முடித்துவிடுகிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பிறகு நினைவுக்கு வந்து சேர்த்ததுபோல் ஒரு வரி இருக்கிறது: “அப்பாவின் அக்காவுக்கும் 47 வயதில் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து, அதை எடுத்துவிட்டார்கள்.”

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு பக்கங்களில் ஒரு மருத்துவனாக நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஓர வரியைத்தான். சர்க்கரையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதிய நீங்கள், அத்தையைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் பதில் எழுதும்போது அந்த அளவுகள் இடம் மாறத்தான் போகின்றன.

முதலில் உங்கள் தம்பியின் வாதத்தைப் பார்த்துவிடலாம். வருவது வந்தே தீரும் என்பது முழு உண்மையில்லை. புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெற்றோர் வழியாக வரும் மரபணு மாற்றமே முதன்மைக் காரணமாக இருப்பவை ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடுதான். ஆனால் இதே கணக்கை நீங்களும் மறுபக்கத்திலிருந்து படிக்க வேண்டும். எவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தாலும் தடுக்க முடியாத பங்கு ஒன்று உண்டு; அதனால்தான் சில நோய்களுக்குத் தடுப்பைப் போலவே முன்கூட்டிக் கண்டறிவதும் முக்கியமாகிறது. பெருங்குடலைப் பொறுத்தவரை இந்த இரண்டும் ஒரே பரிசோதனையில் நடக்கின்றன. நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.

இரத்தப் பரிசோதனை சொல்லாதது

உங்கள் ‘முழுமையான’ பரிசோதனையில் குடலுக்கென்று பார்ப்பது பெரும்பாலும் சி.இ.ஏ. என்ற ஒரு பொருளின் அளவாக இருக்கும். ஏற்கெனவே பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரிடம் நோய் திரும்புகிறதா என்று கவனிக்க அது உதவும். நலமாக இருப்பவரிடம் நோயைத் தேடுவதற்கு அது ஏற்ற கருவி அன்று; ஆரம்ப நிலைப் புற்றுநோய் இருக்கும்போதே அது இயல்பான அளவில் இருப்பது சாதாரணம், நோயே இல்லாமல் புகைப்பழக்கத்தாலும் கல்லீரல் கோளாறாலும் அது உயர்வதும் சாதாரணம். ஆகவே மூன்று முறை இயல்பாக வந்த அந்தத் தாள்கள் உங்கள் குடலைப் பற்றி எதையும் உறுதிப்படுத்தவில்லை. இதைப் படித்ததும் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் பொய்யான நிம்மதியோடு இன்னும் 5 ஆண்டுகளைக் கடப்பதைவிட இந்த வருத்தம் பரவாயில்லை.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே நாளில் முளைப்பதில்லை. குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சி தோன்றி, அவற்றுள் சில மட்டும், பொதுவாக 10 ஆண்டு அளவில், புற்றாக மாறுகின்றன. கொலோனோஸ்கோபியின்போது மருத்துவர் அந்தப் பாலிப்பைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. குழாய்க்குள்ளேயே மெல்லிய கம்பி வளையத்தைச் செலுத்தி, பாலிப்பின் கழுத்தில் சுருக்கிட்டு, அங்கேயே வெட்டி எடுத்துவிடுகிறார். புற்றாக மாறுவதற்கு முன்பே அது உடலை விட்டுப் போய்விடுகிறது. நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் பல உண்டு. நோய் வராமலே செய்துவிடும் பரிசோதனைகள் மிகச் சிலவே, அவற்றில் இது ஒன்று.

குடும்பத்தில் இந்நோய் இல்லாதவர்களுக்கு 45 அல்லது 50 வயதில் தொடங்குவது பல நாடுகளின் வழக்கம். அவர்களுக்கு ஆண்டுதோறும் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையும் நல்ல மாற்றுவழி. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்குள் வந்திருந்தால் கணக்கு வேறு. 40 வயது, அல்லது அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்கு 10 ஆண்டு முந்தைய வயது, இரண்டில் எது முந்தியதோ அப்போதே கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அப்பாவுக்கு 51, பத்தைக் கழித்தால் 41. உங்களுக்கு உரிய வயது 40. மூன்று ஆண்டு பிந்திவிட்டீர்கள், அவ்வளவுதான்; பதற்றத்துக்கு இதில் இடமில்லை, தாமதத்துக்கும் இடமில்லை.

உங்கள் கூச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் வருபவர்களில் பலர் பரிசோதனைக்குப் பிறகு சொல்வது, கடினமாக இருந்தது முந்தைய நாள்தான் என்பதே. அன்று திட உணவைத் தவிர்த்து, தெளிந்த நீராகாரம் மட்டும் அருந்தி, பேதி மருந்தைக் கரைத்துப் பல குவளைகள் குடித்து, கழிவறைக்கும் படுக்கைக்குமாக நடக்க வேண்டியிருக்கும். மறுநாள் மயக்க மருந்து கொடுத்தபின் அரைமணி நேர அளவில் முடிந்துவிடும். உடல் முழுவதும் போர்த்தப்பட்டிருக்கும். பெண் மருத்துவரோ பெண் செவிலியரோ உடன் இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆபத்தே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பாலிப்பை வெட்டிய இடத்தில் இரத்தக் கசிவு ஏற்படலாம். குடலில் துளை விழுவதும் நேரலாம், ஆனால் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதையெல்லாம் மருத்துவரிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொள்பவராக இருந்தால் அதையும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு எங்கே வந்தது?

இப்போது அந்த ஓர வரிக்கு வருகிறேன். நம் பேச்சு வழக்கில் ‘கர்ப்பப்பைப் புற்றுநோய்’ என்றால் இரண்டு வேறு நோய்களையும் குறித்துவிடுகிறோம். ஒன்று கர்ப்பப்பை வாயில் வருவது. அதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ், உங்கள் அப்பாவின் குடலோடு அதற்குத் தொடர்பில்லை. மற்றது கர்ப்பப்பையின் உட்சுவரில் வருவது. உங்கள் அத்தைக்கு வந்தது இரண்டாவது வகையாக இருந்து, அதுவும் 50 வயதுக்குள் என்றால், உங்கள் அப்பாவுக்குக் குடலிலும் அவருடைய அக்காவுக்குக் கர்ப்பப்பையிலும் வந்தது தற்செயலாக இல்லாமல் இருக்கலாம். லின்ச் சிண்ட்ரோம் என்ற மரபுவழிக் கோளாறு இவ்விரண்டு உறுப்புகளையும்தான் அதிகம் தாக்குகிறது.

இந்தக் கோளாறு முதன்முதலில் பதிவானதே ஒரு பெண் தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்ன பேச்சிலிருந்துதான். 1895-இல் அமெரிக்க நோயியல் அறிஞர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் அவருடைய தையற்காரி, தம் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்தே இறக்கிறார்கள், தமக்கும் அப்படித்தான் நேரும் என்று சொன்னார். வார்த்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913-இல் வெளியிட்டார்; அந்தப் பெண்ணும் தாம் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு அன்று எந்த மருத்துவமும் உதவியிருக்க முடியாது. உங்கள் நிலைமை அப்படியல்ல.

உங்களுக்கு லின்ச் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இரண்டு உறவினர்களை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தக்க ஐயம் இருக்கிறது என்கிறேன். அத்தையின் பிள்ளைகளிடம் அவருடைய மருத்துவமனைக் காகிதங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பயாப்சி எனப்படும் திசு ஆய்வின் அறிக்கை ஒன்று கிடைத்தாலும் போதும், எந்த வகை என்பது அதில் எழுதியிருக்கும். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையில், அவரிடமிருந்து எடுத்த திசுவின் சிறு துண்டு மெழுகுக் கட்டியில் பதித்து இன்னும் வைக்கப்பட்டிருக்கக் கூடும். நோயியல் ஆய்வகங்கள் இவற்றைப் பல ஆண்டுகள் பாதுகாப்பது வழக்கம். உயிரணு பிரியும்போது மரபணுவில் நேரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் அந்தத் திசுவில் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். ஏதேனும் ஒன்று இல்லையென்றால் ஐயம் வலுக்கிறது. அப்போது உங்கள் இரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனைக்குப் பொருள் இருக்கும்.

அந்தப் பரிசோதனைக்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மரபியல் ஆலோசகரிடம் பேசிய பிறகே செய்துகொள்வது நல்லது. செய்துகொள்ளவும் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பரிசோதனையில் வரும் முடிவு உங்களுடையது, உங்கள் அனுமதியின்றி மருத்துவர் அதைத் தம்பியிடம்கூடச் சொல்லக்கூடாது. ஆனால் மாற்றம் இருப்பது தெரிந்தால் தம்பிக்கும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், நீங்களே சொல்வதுதான் முறை. தெரிந்துகொள்வதும் வேண்டாம் என்பதும் அவர் விருப்பம். காப்பீட்டு நிறுவனங்கள் இம்முடிவைக் கேட்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது, எனவே முன்னதாகவே விசாரித்துவிடுங்கள். மகளுக்கும் அதே பாதி வாய்ப்புத்தான்; என்றாலும் அவள் வயது வந்தபின் தானே முடிவு செய்ய வேண்டியதை இப்போது செய்யத் தேவையில்லை. உங்களுக்கு மாற்றம் இருப்பது உறுதியானால், கொலோனோஸ்கோபியை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை செய்வார்கள், கர்ப்பப்பையையும் கண்காணிப்பார்கள். லின்ச் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் குடல் புற்றைக் குறைப்பதாக ஆய்வு உண்டு. அதைக் கேட்டுவிட்டு நீங்களாகவே மாத்திரை வாங்கத் தொடங்கிவிடாதீர்கள். வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடிய மருந்து அது.

சர்க்கரையும் மாத்திரைகளும்

சர்க்கரை புற்றுக்குத் தீனி என்ற பேச்சின் வேர் 1920-களில் ஜெர்மன் அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்த உண்மையில் இருக்கிறது: புற்றணுக்கள் குளுக்கோஸை அதிகமாக உறிஞ்சுகின்றன. கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை உடலில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் புற்றைக் காட்டுவதும் இதனால்தான். ஆனால் உடலின் எல்லா உயிரணுக்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும். நீங்கள் சர்க்கரையை விட்டாலும் கல்லீரல் அதைத் தயாரித்து இரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். சர்க்கரையால் வரும் கேடு உடல் எடையின் வழியாக வருகிறது. மிகைக் கொழுப்பு 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் முடிவு செய்தது. பெருங்குடலும் கர்ப்பப்பை உட்சுவரும் அப்பட்டியலில் உள்ளன. ஆகவே இனிப்பு பானங்களை விட்டது நல்ல காரியம். விசேஷ நாளில் ஒரு துண்டு இனிப்பைச் சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் அழுததாக எழுதியிருக்கிறீர்களே, அது தேவையே இல்லை. நான்கு பக்கங்களில் உங்கள் எடையைப் பற்றியோ நடைப்பயிற்சியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லாததுதான் எனக்கு வியப்பு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேகமாக நடப்பதும் நார்ச்சத்து மிகுந்த உணவும் உங்கள் குடலுக்குச் செய்வதைச் சர்க்கரை விரதம் செய்யாது.

மாத்திரைகளை இன்றே நிறுத்துங்கள், முதலில் கணவருக்கு. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது: பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் இதேபோல் நடந்த இன்னொரு ஆய்வை, தீங்கு தெரிந்ததும் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் கூடியதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. காய்கறியில் இருக்கும்போது நன்மை செய்யும் ஒன்று, குப்பியில் அடைத்துப் பல மடங்காகக் கொடுக்கும்போதும் நன்மையே செய்யும் என்று மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நம்பியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒயினைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. எந்த மதுவானாலும் அதிலுள்ள எத்தனால் உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி மரபணுவைச் சிதைக்கிறது. பெருங்குடல், மார்பகம் உட்பட குறைந்தது 7 வகைப் புற்றுகளுக்கு அது காரணம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. குடும்ப வரலாறு உள்ள உங்களுக்கு, விட்டுவிடுவதே என் ஆலோசனை.

கணவருக்கு

நாளொன்றுக்கு அரைப் பாக்கெட் வீதம் 24 ஆண்டு என்றால், மருத்துவக் கணக்கில் 12 ‘பாக்கெட் ஆண்டு’. குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனை ஆண்டுதோறும் எடுக்க அமெரிக்கப் பரிந்துரை கேட்பது 50 வயதும் 20 பாக்கெட் ஆண்டும். அவர் அந்த வரம்புக்குள் வரவில்லை. எக்ஸ்ரே போதுமா என்றால், போதாது. ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுப்பது நுரையீரல் புற்றுநோய் இறப்பைக் குறைக்கவில்லை என்பது பெரிய ஆய்விலேயே தெரிந்துவிட்டது. இயல்பான எக்ஸ்ரே ஒன்று கையில் இருந்தால் அது அவருக்கு அடுத்த ஓராண்டுக்குப் பிடிக்கக் கிடைத்த அனுமதிச் சீட்டாகிவிடும்.

இனி விட்டு என்ன பயன் என்ற கேள்விக்குப் பிரிட்டிஷ் மருத்துவர்களையே 50 ஆண்டு தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு 2004-இல் விடை சொல்லியிருக்கிறது. 50 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 6 ஆண்டு ஆயுளும், 40-இல் விட்டவர்களுக்கு 9 ஆண்டும் மிஞ்சியது. உங்கள் கணவர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். மனவுறுதியை மட்டும் நம்பிப் பலமுறை தோற்றிருப்பார். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம், வரெனிக்ளின் போன்ற மருந்துகள் ஆலோசனையோடு சேரும்போது வெற்றி வாய்ப்பைக் கூட்டுகின்றன. தயவுசெய்து அவரிடம் உங்கள் அப்பாவின் மரணத்தைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். விடும் தேதியை அவரே குறிக்கட்டும். மருத்துவரிடம் நீங்கள் உடன் போனால் போதும்.

மகளுக்கும் உங்களுக்கும்

தடுப்பூசி இந்த வயதில் எதற்கு என்று கேட்டால், இந்த வயதில்தான் என்பது என் பதில். எச்.பி.வி. தொற்றை அது வராமல் தடுக்கும். வந்த தொற்றைக் குணப்படுத்தாது. அதனால் தொற்றுக்கு வாய்ப்பே இல்லாத பருவத்தில் போடுகிறோம். 9 முதல் 14 வயதுக்குள் ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் இதைப் போட்டுக்கொண்ட பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று 2024-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஊசி போட்டால் பிள்ளையின் நடத்தை மாறிவிடும் என்ற அச்சம் உங்கள் தயக்கத்தின் அடியில் இருந்தால், அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை.

உங்களுக்கு இந்தத் தடுப்பூசியைவிடக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முக்கியம். ஒருமுறைகூடச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. எச்.பி.வி. பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் மறுபடி 5 ஆண்டு கழித்துத்தான். மார்பக எக்ஸ்ரேயை 40-இல் தொடங்கும் நாடுகளும் உண்டு, 50-இல் தொடங்கும் நாடுகளும் உண்டு. உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். மற்றபடி ‘முழுமையான’ பரிசோதனைத் தொகுப்புகளை விட்டுவிடலாம். தென் கொரியாவில் நலமாக இருந்தவர்களின் தைராய்டை ஸ்கேன் செய்யத் தொடங்கியபின், 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-ஐப் போல் 15 மடங்காயிற்று. அதனால் இறப்பு குறையவேயில்லை. தொந்தரவே செய்திருக்காத கட்டிகளுக்காகப் பல்லாயிரம் பேர் கழுத்தில் தழும்போடும் வாழ்நாள் மாத்திரையோடும் நிற்கிறார்கள்.

இதற்கிடையே மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப் பழக்கம், காரணமின்றி எடை குறைவு, மாதவிடாய்க்கு இடையில் இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மேலே சொன்ன வயதுக் கணக்கெல்லாம் பொருந்தாது. அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

கொலோனோஸ்கோபி முடிந்ததும் பாலிப் இருந்ததா, எத்தனை, எவ்வளவு பெரியது, திசு ஆய்வில் என்ன வந்தது என்று எழுதிய அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்பதை அதுதான் தீர்மானிக்கும். அதில் ஒரு நகல் எடுத்துத் தம்பிக்கும் கொடுங்கள். அவருக்கு அடுத்த ஆண்டு 40 ஆகிறது.